உயிரோடு இருக்கிறவருக்காக அழுவது தப்பா?

விழித்திருப்பவள் எழுதியது:

எனக்கு 67 வயது, அவருக்கு 74. மறதி நோய் வந்து இது ஆறாவது வருடம். முதலில் பெயர்கள் போயின, அப்புறம் தெருக்கள், அப்புறம் நான். போன வருடம் முழுக்க "அந்த அம்மா எப்ப வீட்டுக்குப் போவாங்க" என்று என்னைப் பற்றி என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது, பேச்சே அநேகமாக இல்லை. டயப்பர் மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது, மருந்து கொடுப்பது என்று நாள் ஓடுகிறது.

வேலை பாரம் என்று சொல்ல வரவில்லை. தினமும் காலையில் அவருக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன். ரேஸர் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்ததும் தாடையைத் தூக்கி, மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக் காட்டுவார். நாற்பது வருடம் கண்ணாடி முன்னால் நின்று அவர் செய்த அதே அசைவு. என்னைத் தெரியவில்லை, ரேஸரைத் தெரிகிறது. அந்த இடத்தில் எனக்கு உடைந்துவிடும். நுரையைத் துடைக்கிற துண்டிலேயே என் முகத்தையும் துடைத்துக்கொண்டு மீதியை முடிப்பேன்.

போன வாரம் இதை மகள் பார்த்துவிட்டாள். "அப்பாதான் இருக்காரே, இருக்கும்போதே ஏம்மா இப்படி அழற?" என்றாள். கோபத்தில் இல்லை, பயத்தில்தான் கேட்டாள் என்று தெரியும். ஆனாலும் தைத்துக்கொண்டு நிற்கிறது. அவருடைய டாக்டர் "நீங்க ஒரு தெரபிஸ்டைப் பாருங்க" என்கிறார். இந்த வயதில் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் உட்கார்ந்து என்ன பேசுவது, பேசினால் இவருக்கு ஞாபகம் திரும்பிவிடுமா, போகிற ஒரு மணி நேரம் இவரை யார் பார்ப்பது? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நேர்ப்பேச்சு எழுதியது:

அம்மா, அழுவது தப்பே இல்லை. தெரபி விஷயத்தில்தான் என் கருத்து வேறு. பக்கவாதத்தில் விழுந்த என் தாயாரைப் பன்னிரண்டு வருடம் பார்த்துக்கொண்டேன், இப்போது எனக்கே 63. எந்தக் கவுன்சலரும் வரவில்லை, காலம்தான் ஆற்றியது. துக்கத்தை ஒரு நோயாக்கி, அதற்கு ஒரு படிவம், ஒரு செஷன் என்று வைப்பது எனக்கு ஒப்பவில்லை. இன்னொன்று, இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக அழுது தீர்த்துவிட்டால் பின்னால் பாரம் குறையும் என்பார்கள். அப்படி நினைத்துக்கொண்டாவது மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கேட்கும்காது எழுதியது:

தீராத நோயில் இருப்பவர்களின் குடும்பங்களோடு வேலை செய்கிற கவுன்சலர் நான். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மகளின் கேள்வி. ஆள் இருக்கும்போதே வருகிற துக்கத்தைப் பற்றி எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் 1944-லேயே எழுதியிருக்கிறார். போருக்குப் போன கணவன் திரும்பமாட்டான் என்ற பயத்திலேயே மனதுக்குள் துக்கத்தை முழுக்கப் பட்டுவிட்ட மனைவியரை அதில் சொல்கிறார். உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமாகப் பேசியவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர். உடம்பு கண்முன்னால் இருக்கிறது, ஆனால் அந்த ஆள் அங்கே இல்லை. இதை அவர் தெளிவற்ற இழப்பு என்றார். மரணம் என்றால் நாலு பேர் வந்து கையைப் பிடிப்பார்கள். இதில் ஒருவரும் வருவதில்லை, ஏனென்றால் வெளியே பார்க்கிறவர்களுக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை. "அவர் இருக்கிறாரா, போய்விட்டாரா" என்று ஒரு முடிவுக்கு வந்தே ஆகவேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்காதீர்கள். இருக்கிறார் என்பதும் உண்மை, இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளப் பழகுவதுதான் இந்த வகைத் தெரபியில் பெரும்பகுதி வேலை.

நேர்ப்பேச்சு ஐயா, முன்னாலேயே அழுது தீர்ப்பது பற்றி நீங்கள் சொன்னதைத்தான் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. தவணை கட்டக் கட்டக் கடன் குறைகிற மாதிரி துக்கம் குறைவதில்லை. பராமரிக்கும் காலத்திலேயே கடுமையாகத் துக்கப்பட்டவர்களுக்குத்தான் இறப்புக்குப் பிறகும் துக்கம் கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பிற்பாடு கைகொடுப்பது மனதளவிலும் காரியத்திலும் தயாராக இருப்பது. இனி என்ன வரும், மூச்சு எப்படி மாறும், நடு இரவில் யாரைக் கூப்பிடுவது, எந்த சிகிச்சை வேண்டாம் என்பதையெல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது. கேட்கவே கை நடுங்கும், அதனால்தான் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்கிறோம்.

நீங்கள் சொன்னதில் சரியானதும் இருக்கிறது. ஒருவரை இழந்த எல்லோருக்கும் தெரபி தேவையில்லை. பெரும்பாலானவர்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் காலத்தோடும் மெல்ல எழுந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் துக்கம் அசையாமல் அப்படியே உறைந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் இது நீடித்த துக்கக் கோளாறு என்று இருக்கிறது, இறப்புக்குப் பிறகு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது அதன் அளவு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. அத்தனை நாளுக்குப் பிறகு அழுதாலே நோய் என்று யாரும் சொல்லவில்லை. அன்றாட வாழ்க்கையே நின்றுபோய்விட்டதா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

அப்படியானால் இந்த அம்மாவுக்கு இப்போதே ஏன் என்று கேட்கலாம். வயதான உடம்பு என்பதால். 1999-ல் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 66 வயதிலிருந்து 96 வயது வரை உள்ள தம்பதிகளை நாலு வருடம் பின்தொடர்ந்தது. துணையைப் பார்த்துக்கொண்டு அதனால் மன அழுத்தமும் பட்டவர்களுக்கு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பார்த்துக்கொண்டாலும் அந்த அழுத்தம் இல்லாதவர்களிடம் அந்த உயர்வு தெரியவில்லை. அதனால் அம்மா, உங்கள் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தள்ளிப்போட்ட கண் பரிசோதனை, பல் வலி ஏதாவது இருக்கிறதா? இதை நான் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன், அநேகமாக எல்லோரும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.

அவரைத் தனியாக விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. போனிலோ வீடியோவிலோ செஷன் வைக்கிற தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள், முதலிலேயே கேளுங்கள்.

இரண்டுமணி எழுதியது:

அம்மா, நான் போய் வந்தவன். எனக்கு 71.

என் மனைவிக்கு மோட்டார் நியூரான் நோய். கை, கால், பேச்சு, விழுங்குவது என்று வரிசையாக எல்லாம் போனது, புத்தி மட்டும் கடைசி வரை தெளிவாக இருந்தது. கண்ணால்தான் பேசுவாள். மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடித் திறந்தால் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து புரட்டிப் படுக்கவைத்து, சளியை சக்‌ஷன் போட்டு எடுப்பேன். மூன்று வருடத்தில் ஒரே ஒரு இரவு அந்த அலாரத்தை வைக்காமல் தூங்கிவிட்டேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தபோது அவள் இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் "தூக்கத்திலேயே அமைதியா போயிட்டா" என்றேன். பதினான்கு மாதம் தினமும் இரண்டு மணிக்கு அலாரம் இல்லாமலேயே விழிப்பு வரும், போனில் அந்த அலாரத்தை அழிக்கவும் கை வராது. அந்த அறைக்குள் போவதில்லை. நண்பர்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. சர்க்கரை எகிறி மயங்கி விழுந்தபோது ஒரு டாக்டர்தான் துருவித் துருவிக் கேட்டு என்னைத் தெரபிஸ்டிடம் அனுப்பினார்.

கேத்தரின் ஷியர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய முறை அது, மொத்தம் 16 செஷன். முதல் இரண்டு மூன்று வாரம் அவளைப் பற்றியும் நாங்கள் வாழ்ந்த வாழ்க்கை பற்றியும்தான் பேச்சு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அந்த இரவை, நடந்துகொண்டிருக்கிற மாதிரி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார்கள். எனக்கு அது சித்திரவதையாக இருந்தது, வரமாட்டேன் என்று இரண்டு தடவை போன் போட்டுச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அப்படியே எழுப்பி அனுப்பிவிடமாட்டார்கள். அந்தக் கதையை மனதுக்குள் சுருட்டி ஓரமாக வைக்கப் பழக்குவார்கள், அன்றைக்கு உனக்குப் பிடித்த ஒரு காரியம் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுத்தான் அனுப்புவார்கள்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ சொல்லும்போதுதான் ஒன்று வந்தது. அன்று ராத்திரி விளக்கை அணைக்கும் முன், "அலாரம் வைக்கட்டுமா" என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். அவள் கண்ணை மூடினாள். நீளமாக மூடித் திறந்தாள். வேண்டாம் என்று அவள் சொன்னதால்தான் நான் வைக்கவில்லை. பதினான்கு மாதமாக அந்த இரவை ஆயிரம் தடவை நினைத்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் காலை ஐந்து மணியிலேயே போய் நின்றிருக்கிறேன், விளக்கை அணைத்த இடத்துக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

அப்புறமும் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அவள் எதிரே இருப்பதாக நினைத்துப் பேசி, அவள் சார்பில் பதிலும் நானே சொல்ல வேண்டிய ஒரு செஷன் உண்டு, அதில் நான் நிறைய அழுதேன். வாரம் ஒரு படி என்று அந்த அறைக்குள் போனேன். இப்போதும் அவளை நினைக்காத நாள் இல்லை, நினைப்பு நிற்கவேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை. போனில் இருக்கிற அந்த அலாரத்தை இன்னும் அழிக்கவில்லை, நேரத்தை மட்டும் ஐந்தரைக்கு மாற்றி வைத்திருக்கிறேன், எழுந்து நடக்கப் போகிறேன்.

வயதானவர்களுக்கு இது எடுபடுமா என்று நானும் கேட்டேன். 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றைத் தெரபிஸ்ட் சொன்னார். 50 வயது தாண்டிய 151 பேர், எல்லோருக்கும் உறைந்துபோன துக்கம். இந்த முறையில் நூற்றுக்கு 70 பேர் தேறினார்கள், மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கிற வேறொரு பேச்சு சிகிச்சையில் 32 பேர்தான். ஆகவே எந்தத் தெரபி, அவர் துக்கத்துக்கென்று பயிற்சி எடுத்தவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். உங்கள் கணவர் இருக்கிறார் என்பதால் உங்களுக்கு இதே முறை பொருந்தாது. ஆனால் நான் அவள் இருக்கும்போதே யாரிடமாவது பேசியிருந்தால் அந்தப் பதினான்கு மாதம் இப்படிப் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

மூத்தமகள் எழுதியது:

இரண்டுமணி ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் தட்டச்ச முடியவில்லை.

நான் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். எனக்கு 52. அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், இனிமேல் வலிதணிப்பு சிகிச்சைதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு 78, வேறு யாரையும் அம்மா பக்கத்தில் விடமாட்டார். நாங்கள் பேச ஆரம்பித்தாலே எழுந்து மருந்து டப்பாவை அடுக்கப் போய்விடுவார். கொஞ்ச நாளாக மறதி அதிகம், ஒரே மாத்திரையைக் கொடுத்தேனா இல்லையா என்று மூன்று தடவை கேட்கிறார். தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை, "இவளோட நானும் போயிட்டா உங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்றார். வயதானவர்கள் சொல்வதுதானே என்று தம்பி சொல்கிறான், எனக்கு மனசு கேட்கவில்லை. தெரபி என்ற வார்த்தையை எடுத்தாலே "எனக்குப் பைத்தியமா" என்பார்.

கேட்கும்காது எழுதியது:

மூத்தமகள், உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள், தம்பி சொல்வதை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள். இன்றைக்கே தனியாக உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "அப்பா, உயிரை விட்டுடணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்க ஒரு ஆள் இருக்கிறதே என்று பெரும்பாலும் மூச்சு விடுவார்கள். அவளில்லாமல் இருக்கவே தெரியவில்லை என்ற ஏக்கமாக மட்டும் இருக்கலாம். யோசித்து வைத்திருக்கிறார் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வீட்டில் அம்மாவுக்கான வலி மருந்துகள் இருக்கும், அவை எப்படியானாலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

மறதி பற்றி. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, துக்கமும் சேர்ந்தால் ஞாபகம் தடுமாறும். மனச்சோர்வும் அப்படிச் செய்யும், சில தூக்க மாத்திரைகளும் செய்யும். அந்த மாத்திரைகளால் வயதானவர்கள் இரவில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு. வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

தெரபி என்ற வார்த்தையே வேண்டாம். அம்மாவைப் பார்க்க வருகிற வலிதணிப்பு சிகிச்சைக் குழுவிடம் சொல்லுங்கள். குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதும் இந்த சிகிச்சையின் பாகம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே அதை விளக்குகிறது. அம்மாவைப் பற்றிப் பேசத்தானே என்றால் அப்பா உட்காருவார், அங்கிருந்து பேச்சு அவர் பக்கம் திரும்பும். இன்னொன்று, அவரை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் தம்பியும் சேர்ந்து உட்காருங்கள். மறதி நோயாளிகளின் துணைகளுக்காக நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் குழு நடத்திய திட்டம் இப்படித்தான். தனியாகவும் குடும்பத்தோடும் சேர்த்து ஆறு செஷன், அப்புறம் ஒரு ஆதரவுக் குழு, வேண்டும்போது போன். அந்தக் குடும்பங்கள் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிவந்த நாள் ஏறத்தாழ 557 நாள் தள்ளிப்போனது, ஒன்றரை வருடம். வீட்டில் இருக்கிற மற்றவர்கள் கொஞ்சம் மாறினால் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

நேர்ப்பேச்சு எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். காலம்தான் ஆற்றியது என்று மேலே எழுதினேன். அது முழு உண்மை இல்லை.

அம்மா மூச்சு நின்ற அந்த நிமிடம் எனக்கு அழுகை வரவில்லை. "அப்பாடா" என்றுதான் மனதில் வந்தது. இன்று ராத்திரி தூங்கலாம் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் ஆகிறது, இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது "நீ உன் அம்மாவை எவ்வளவு நல்லா பார்த்துக்கிட்ட" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

கேட்கும்காது எழுதியது:

சொன்னதற்கு நன்றி ஐயா. 2003-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மறதி நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களிடம் இறப்புக்குப் பிறகு இதைக் கேட்டார்கள். தங்களுக்கு அது ஒரு விடுதலையாக இருந்தது என்று 72 சதவீதம் பேர் சொன்னார்கள். இறந்தவருக்கு விடுதலை என்று 90 சதவீதத்துக்கு மேல். பன்னிரண்டு வருடம் தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்ட உடம்பு அந்த நிமிடம் தூக்கத்தைத்தான் கேட்கும். ஒன்பது வருடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், இதற்காகவும் தெரபிக்குப் போகலாம்.

இரண்டுமணி எழுதியது:

நேர்ப்பேச்சு, தனிச்செய்தியில் என் எண் அனுப்பியிருக்கிறேன். காலையில் ஐந்தரைக்கு நடக்கப் போவேன், அந்த நேரத்தில் கூப்பிடுங்கள், நடந்துகொண்டே பேசலாம்.

மூத்தமகள் எழுதியது:

அப்பாவிடம் கேட்டேன். அப்படி எதுவும் யோசித்து வைக்கவில்லை என்றார், அப்புறம் ஒரு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருந்துகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. நர்ஸிடம் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை மூன்று பேரும் உட்காருகிறோம். தம்பி வருகிறேன் என்றான்.

விழித்திருப்பவள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருடைய பதிலையும் பல தடவை படித்தேன்.

போனில் இரண்டு செஷன் முடிந்திருக்கிறது. அவருடைய அறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து பேசினேன், நாத்தனார் உள்ளே அவரோடு இருந்தாள். நோயைப் பற்றிக் கேட்பார்கள் என்று தேதியெல்லாம் எழுதி வைத்திருந்தேன், அந்தத் தெரபிஸ்ட் பெண் அதைக் கேட்கவே இல்லை. "அவர்கிட்ட இருந்து முதல்ல எதை இழந்தீங்க?" என்று கேட்டாள். எனக்கே தெரியாமல் "சண்டை" என்று சொன்னேன். எதற்கெடுத்தாலும் என்னோடு வாதாடுகிற மனிதர். ஒரு நாள் நான் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றார், அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மீதி நேரம் முழுக்க எங்கள் பழைய சண்டைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், நடுவில் சிரித்தும்விட்டேன். வைத்தபிறகு களைப்பாக இருந்தது, இரவு நாலு மணி நேரம் தூங்கினேன். ரத்த அழுத்தம் பார்த்தேன், அதிகமாகத்தான் இருக்கிறது, மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்.

இந்த இழையை மகளிடமும் படிக்கக் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை. நேற்று காலையில் வந்து, இன்றைக்கு அப்பாவுக்கு நான் சவரம் செய்கிறேன் என்றாள். நுரை தடவினாள், ரேஸரைக் கொண்டுபோனாள், அவர் தாடையைத் தூக்கி மேலுதட்டை இழுத்துக் காட்டினார். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நான் துண்டை நீட்டினேன், வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதியை முடித்தாள். ஒரு இடத்திலும் கீறவில்லை.

அடுத்த செஷன் வியாழக்கிழமை. அந்த ஒரு மணி நேரம் தான் வந்து அவரோடு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள்.